மிட்டி மாஸ்டரும் என் எட்டு வரியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனிதர் பதினோரு வருடம் பாடுபட்டு வளர்த்த விவசாயப் பாடப்பிரிவை எட்டே வரி எழுதி மூட வைத்தவன் நான். எழுதியது தவறு. தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. அந்த எட்டு வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்பதைத் தவிர என் தரப்பில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி அந்த மனிதரைப் பற்றி. டில்லியில் நாக்குக்குப் பஞ்சமில்லை. சாட் சாப்பிட, ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்ட, அமைச்சரைத் தெரியும் என்று அளக்க எத்தனையோ நாக்குகள் உண்டு. ஆனால் ஒரு சிட்டிகை மண்ணை வைத்துப் பார்த்து, அது எந்தத் தண்ணீரைக் குடித்த மண் என்று சொல்லக்கூடிய நாக்கு யமுனைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒன்றே ஒன்றுதான். அது மிட்டி மாஸ்டருடையது. மிட்டி என்றால் இந்தியில் மண். மாணவர்கள் வைத்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கி நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அந்த ஊர் மரியாதையை இந்திக்கும் கொண்டுவந்துவிட்டார். சரி என்பதற்கு "டீக் ஹைங்க", நல்லது என்பதற்கு "அச்சாங்க", உட்காரச் சொல்ல "பைட்டியேங்க" என்றுதான் பேசுவார். மனிதர்களுக்கு மட்டுமல்ல. வெண்டைக்கும் எருமைக்கும் அதே 'ங்க'தான். ஒரு முறை களைச்செடியைப் பிடுங்கும்போது "கொஞ்சம் வெளிய வாங்க" என்றதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் அப்போது கல்வித்துறை அலுவலகம் ஒன்றில், பள்ளிகளைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்தேன். கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ். அவரும் இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்தார். ஆனால் அவருடைய பள்ளி நஜஃப்கட் தாண்டி, ஹரியானா எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விவசாயம் நடத்தினார். தினமும் துவாரகா வரை மெட்ரோ, அப்புறம் பஸ், அப்புறம் யாருடைய டிராக்டராவது.

ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பால்கனியில் என் மனைவியின் கறிவேப்பிலைச் செடி நின்றது. டில்லிக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது எத்தனை பாடு என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். மாஸ்டர் குனிந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு கைக்குட்டையில் நாசூக்காகத் துப்பினார்.

"ஏனுங்கம்மா, ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணியையா இவங்களுக்கு ஊத்தறீங்க?"

என் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமா சார், வீணாப் போகுதேன்னு..."

"நல்ல தண்ணியை நீங்க குடிச்சுப்போட்டு உப்பை அவங்களுக்குக் குடுக்கறீங்களே. அவங்க என்னங்க பாவம் பண்ணுனாங்க?"

அன்று முதல் எங்கள் வீட்டில் நல்ல தண்ணீரில் முதல் உரிமை கறிவேப்பிலைக்கு. நான் இரண்டாமிடம்.

மெட்ரோவில் அவர் ஒரு தனிக் காட்சி. ஒரு நாள் பெரிய பையை ஸ்கேனரில் வைத்தார். திரையைப் பார்த்த காவலர் நெற்றியைச் சுருக்கி, உள்ளே என்ன என்று கேட்டார்.

"கோபர் ஹைங்க" என்றார் மாஸ்டர். சாணம்.

"சாணமா? எதுக்கு?"

"பச்சோங்கி படாயிக்குங்க." பிள்ளைகளின் படிப்புக்காம்.

காவலர் பையைத் திறந்து முகர்ந்தார். முகம் மாறியது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. தன் அப்பாவின் வயலில் கோதுமை நடுநடுவே மஞ்சளாகக் காய்வதாகச் சொன்னார். மாஸ்டர் பழைய பஸ் டிக்கெட்டின் பின்புறம் வைத்தியம் எழுத ஆரம்பித்தார். பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. வரிசையில் பதினைந்தாவது ஆளாக நின்று, இவரைத் தெரியாதவன்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பள்ளியில் அவருக்கு முதல் எதிரிகள் பெற்றோர்கள்தான். எல்லோரும் விவசாயிகள். "கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுங்கள், சாணி அள்ள எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்வான்" என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்குத் தலைவர் ஒரு சௌத்ரி. ஆறடி உயரம். வெள்ளைத் தலைப்பாகை. ஒரு நாள் வகுப்புக்குள்ளேயே வந்து நின்றார்.

"ஏ மாஸ்டர்! மேரா பாப் கிஸான், மேரா தாதா கிஸான். தூ மத்ராஸி முஜே கேத்தி சிக்காயேகா?" என் அப்பன் விவசாயி, பாட்டன் விவசாயி, மதராசி நீ எனக்கு விவசாயம் கற்றுத்தருவாயோ?

"நஹீங்க, நஹீங்க. ஆப்கோ நஹீங்க. ஆப்கி பேட்டிகோங்க" என்றார் மாஸ்டர். உங்களுக்கு இல்லை, உங்கள் மகளுக்கு.

சொல்லிவிட்டு நேரே அவருடைய வயலுக்கு நடந்தார். சௌத்ரி புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். மண்ணையும் ருசி பார்த்தார். இந்தத் தண்ணீரின் உப்புக்குச் சாமந்தி தாங்காது, பார்லி போடுங்கள் என்றார். சௌத்ரி சிரித்துவிட்டுச் சாமந்திதான் போட்டார். மார்கழியில் சாமந்தி கருகியது. தை பிறப்பதற்குள் சௌத்ரியின் மகள் சுமன் விவசாயப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். அடுத்த வருடம் வகுப்பில் ஒன்பது பேர்.

பள்ளிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். அங்கே காலையில் வருகைப் பதிவு நடக்கும். முதலில் மாணவர்களுக்கு, பிறகு செடிகளுக்கு. "கத்தரி, பதினேழு பேரு வந்திருக்காங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லீங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே தனி நோட்டில் எழுதுவார். ஒன்பது ஜாட் பிள்ளைகளுக்கும் அந்தத் தமிழ் புரியும். தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த என் சொந்தப் பேரன்களுக்கு இன்றும் அவ்வளவு புரியாது.

இப்படிப்பட்டவரிடம் எனக்கு என்ன பகை? ஒரு டேலியா.

பிப்ரவரியில் எங்கள் அலுவலகத்தில் பூந்தொட்டிப் போட்டி நடக்கும். குவார்ட்டர்ஸில் தாங்களே வளர்த்த செடியை எல்லோரும் கொண்டுவர வேண்டும். நான் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சிவப்பு டேலியா கொண்டுபோயிருந்தேன். எங்கள் துணை இயக்குநர் அதன் முன்னால் நின்று, "எப்படி இவ்வளவு பெரிசா வளர்த்தீங்க?" என்று கேட்டார். நான் பொறுமை, பராமரிப்பு, காலைச் சூரியன் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். விருந்தினராக வந்திருந்த மிட்டி மாஸ்டர் குனிந்தார். ஒரு சிட்டிகை. நாக்கு. கைக்குட்டை.

"இந்த மண்ணுக்கு நம்ம கோல் மார்க்கெட் தண்ணி இன்னும் தெரியாதுங்க. நேத்துத்தான் நர்சரியில இருந்து வந்திருக்காங்க" என்றார் சந்தோஷமாக.

அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மண் சொன்னதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் துணை இயக்குநர் சிரித்தார். அவர் சிரித்ததால் அலுவலகமே சிரித்தது. ஒரு மாதம் எனக்குப் பெயர் 'டேலியா சாப்'.

நான்கு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர் குறைவான தொழிற்பாடப் பிரிவுகளை வைத்துக்கொள்வதா, மூடுவதா? பள்ளிக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். மிட்டி மாஸ்டரின் பள்ளி என் பட்டியலில் இருந்தது. குறிப்பு நல்லதாக இருந்தால் அவருடைய பிரிவு பிழைக்கும், இல்லாவிட்டால் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூலை முதல் வாரம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நான் புது வெள்ளை ஷூவோடு காரிலிருந்து இறங்கினேன். பள்ளிக்குப் பின்னால் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தால், தோளுயரத்துக்கு அடர்ந்த பச்சைப் பயிர். நுனியில் மஞ்சள் பூ. அதன்மேல் சௌத்ரி டிராக்டரை ஏற்றி மிதித்துக்கொண்டிருந்தார். பயிர் சேற்றில் மடங்கி மடங்கி விழ, ஒன்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். மாஸ்டர் முழங்கால் சேற்றில் நின்று ஆனந்தமாகக் கையை வீசினார்.

"வாங்க சார், வாங்க! ஷூவைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. என்ன பண்றோம்னு சொல்றனுங்க!"

டிராக்டர் திரும்பியது. என் ஷூவும் கால்சட்டையும் ஒரே நொடியில் நிறம் மாறின. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பிப்ரவரிச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினேன்.

அன்று மாலையே எட்டு வரி எழுதினேன். பூத்து நின்ற நல்ல பயிர், அறுவடைக்கு முன்பே, ஆசிரியர் முன்னிலையிலேயே டிராக்டர் ஏற்றி அழிக்கப்பட்டதைக் கண்டேன். மாணவர்கள் அதற்குக் கைதட்டினர். இப்பிரிவு தொடர்வதால் பயனில்லை. நல்ல நடை. எனக்கே திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் பியூன், ரோத்தக் பக்கத்து விவசாயி வீட்டு மனிதர், என்னிடம் மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார். என் காரோட்டி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"சாப், வோ தோ டைஞ்சா ஹை. அறுக்கறதுக்குப் போடறதில்லை சாப். பூ விடும்போது மடக்கி உழுறதுக்குத்தான் போடறது. மண்ணுக்கு அதுதான் சாப்பாடு. அதுவும் அந்த உப்பு மண்ணுக்கு!"

தக்கைப்பூண்டு. பசுந்தாள் உரம். தமிழ்நாட்டில் நான் படித்த பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலேயே அது இருந்தது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். செடியாகப் பார்த்ததில்லை.

கோப்பு அதுவரை அனுப்பப்படவில்லை. என் நாற்காலியிலிருந்து நான்கு எட்டில், பக்கத்து மேஜையில் கிடந்தது. எழுந்து போய் எடுத்து ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் அதற்குத் துணை இயக்குநரிடம் காரணம் சொல்ல வேண்டும். டேலியாவுக்குப் பிறகு டைஞ்சாவா என்று அவர் சிரிப்பார். இன்னும் மூன்று நாள் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டிக் காப்பி குடிக்கப் போய் வந்தேன். பிறகு அது போய்விட்டது.

செப்டம்பரில் பிரிவு மூடப்பட்டது. ஒன்பது பேரும் வேறு பாடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நிலத்தில் பாதி வாலிபால் மைதானமானது. உபரி ஆசிரியராகிவிட்ட மாஸ்டரை நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கு மாற்றி, நூலகத்தைக் கொடுத்தார்கள்.

அங்கே என்ன செய்தார் தெரியுமா? புத்தகங்களை விதைக்கும் பட்டத்தின்படி அடுக்கினார். சரித்திரம் எல்லாம் குளிர்காலப் பயிர், ஆற அமர விளைய வேண்டியது. கணக்கு கோடைப் பயிர், நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கவிதை கீரையாம், எந்த மாதமும் வரும். ஜூலையில் சரித்திரம் கேட்ட மாணவனிடம், "இவங்களை நவம்பர்ல வந்து கூட்டிட்டுப் போங்க" என்று இந்தியில் சொன்னாராம். முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த நூலகத்தில் அதுவரை இல்லாத கூட்டம். கிடைக்காது என்று சொன்ன புத்தகத்தைப் பிள்ளைகள் விடுவார்களா?

இதெல்லாம் என் காதுக்கு வரும். நான் மட்டும் அவர் எதிரே வந்தால் மறுபக்க நடைபாதைக்குப் போய்விடுவேன். ஓய்வு பெற்றேன். துவாரகாவில் ஃபிளாட்டுக்குக் குடிபோனேன். பச்சை வயல் பக்கம் ரயிலில் போனால்கூடக் கண்ணை மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். பிரிவு மூடி நான்கு வருடம் கழித்து ஒரு நாள் தாங்க முடியாமல் அந்த நூலகத்துக்குப் போய் நின்றேன்.

"வாங்க சார்! எந்தப் பட்டத்துப் புத்தகம் வேணுங்க?"

"மாஸ்டர், அந்தக் குறிப்பை எழுதினது நான்தான்."

"தெரியுமுங்க. கையெழுத்துப் போட்டிருந்தீங்களே."

நகல் அவருக்கும் போயிருக்கும் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கோல் மார்க்கெட்டில் அத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் எதிரே நடந்து வந்திருக்கிறார்.

"அது தக்கைப்பூண்டுன்னு மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஃபைல் பக்கத்து மேஜையிலதான் இருந்தது. நான் எடுத்துத் திருத்தலை."

இது அவருக்குத் தெரியாது. புத்தக முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க?"

"அந்த டேலியா..."

"எந்த டேலியாங்க?"

உண்மையாகவே நினைவில்லை. நான் அத்தனை வருடம் நெஞ்சில் வளர்த்தது அவருக்கு ஒரு சிட்டிகை மண். துப்பியாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். விட்ட சீட்டை எடுத்துப் புத்தக முதுகில் அழுத்தி ஒட்டினார்.

"தெரியாம எழுதறவங்க நெறையப் பேருங்க. அதுல எனக்கு வருத்தமில்லீங்க. தெரிஞ்சப்புறமும் மூணு நாளு விட்டுப்போட்டீங்களே. சுமன் புள்ளை விவசாயக் காலேஜுக்குப் போகோணும்னு இருந்துச்சு. இப்ப ஏர்போர்ட்டுல பெட்டிக்குச் சீட்டு ஒட்டுதுங்க."

"என்னை மன்னிச்சிடுங்க மாஸ்டர்."

"எங்கிட்டக் கேட்டு என்னங்க ஆகப்போகுது? எழுதி மூடுனதை எழுதித்தானுங்க தொறக்கோணும்."

எழுதினேன். பயிர் எதுவென்று கேட்காமல் எழுதினேன், பிறகு தெரிந்தும் மறைத்தேன் என்று பழைய அலுவலகத்துக்கே கடிதம் கொடுத்தேன். ஓய்வு பெற்றவர் குறிப்பைத் திருத்த முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பழைய கோப்பைக் காணவில்லை என்றார்கள். மறுபடி எழுதினேன். ஒரு வருடம் கழித்து, புதிதாக வேலையில் சேர்ந்திருந்த ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டாள். டில்லியில் பிறந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், நானே தப்பு பண்ணினேன்னு யாரும் இங்க எழுதிக் குடுத்ததே இல்ல. இதுக்கு ஃபார்மே கிடையாது. நீங்க பேரண்ட்ஸ்கிட்ட கோர்ஸ் வேணும்னு அப்ளிகேஷன் வாங்கிட்டு வாங்க, தேக்தே ஹைன், பார்க்கலாம்."

கிராமத்துக்குப் போய்ச் சௌத்ரியிடமும் ஒப்புக்கொண்டேன். "தேரி கலம் பர் டிராக்டர் சலா தூங்கா!" என்று கத்தினார். உன் பேனாமேல் டிராக்டரை ஏற்றுவேன் என்று பொருள். நியாயமான தண்டனை என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். அடுத்த விடுமுறை நாளில் சுமன் ஸ்கூட்டரோடு வந்து, "பைட்டியே அங்கிள்" என்றாள். நான் பின்னால் படிவங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு வீடாகப் போனோம். அவளுடைய விடுமுறைகள் பல அதில் போயின. நான் அதற்கும் மன்னிப்புக் கேட்டபோது, "அங்கிள், உங்க ஸாரியை விட ஃபார்மை நல்லாப் பிடிங்க, பறக்குது" என்றாள். அவள் தமிழ், மிட்டி மாஸ்டரிடம் கற்றது.

முதல் கடிதத்திலிருந்து இதெல்லாம் முடிய நான்கு வருடம் ஆயிற்று. ஒரு ஜூலையில் அந்தப் பெண் அதிகாரியே பார்வையிட வந்தாள். மீதமிருந்த அரை ஏக்கரில் ஊரார் விதைத்திருந்த தக்கைப்பூண்டு பூத்து நின்றது. சௌத்ரி டிராக்டரில். அந்தப் பெண் வரப்பில் நின்றாள், செருப்பைக் கழற்றினாள், முதல் வேலையாகக் கேட்டாள்: "யே கௌன் ஸா பௌதா ஹை?" இது என்ன செடி?

இத்தனைக்கும் வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விதான். நான் வாலிபால் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரிவு திறந்தது. பதினான்கு பேர் சேர்ந்தார்கள். புது ஆசிரியர் வந்தார். உத்தரவு வந்தபோது மிட்டி மாஸ்டர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் மட்டும் விருந்தினராக வந்து, மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டாங்க, இன்னும் மூணு வருஷம் நல்லா சாப்பாடு போடுங்க" என்று புது ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பாடத்தைத் திறக்க வழி இருந்தது. அவர் இழந்த எட்டு வருடத்தையும், சுமனின் கல்லூரியையும் திறக்க எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

அந்த அக்டோபரில் மாஸ்டர் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிழங்கை என் கையில் வைத்துவிட்டுப் போனார். டேலியா. பால்கனியில் நட்டேன். பிப்ரவரியில் பூத்தது. எலுமிச்சை அளவில் ஒரு பூ, கழுத்து சாய்ந்து, ஒரு பக்கம் இதழ் குறைந்து. போட்டிக்கு அனுப்பியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அவரைக் கூப்பிட்டேன். வந்தார். குனிந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவன்போல நின்றேன்.

"பூ ரொம்ப சுமாருங்க" என்றார். "ஆனா துவாரகா தண்ணிதானுங்க. நாலு மாசமா ஒரு நாளு விடாம ஊத்தியிருக்கீங்க."

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். வாங்கி அப்படியே குடித்தார். மண்ணைத் துப்பும் கைக்குட்டை அவருடைய சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.